'வாங்குக' என்னும் சொல்லும் மென்பொருள் உரிமப் பத்திரமும்

முன்னுரை

சொல் வழக்கில் நிலைத்து நிற்க, அதன் பொருள் மட்டும் மாறுதல் மொழியின் இயல்பு என்பதைச் சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர் நன்கு அறிவர். 'நாற்றம்' என்னும் சொல் முன்னாளில் நறுமணத்தையும் குறித்தது. இந்நாளில் தீய மணத்தையே குறிக்கின்றது. இம்மாற்றத்தை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. மக்கள் வழக்கில் நாளடைவில் தானே நிகழ்ந்தது. மக்கள் அனைவரும் ஒரு பொருளில் வழங்கும் சொல்லை, விற்போர் மட்டும் தம் பத்திரத்துள் வேறு பொருளில் ஆளுதல் இதனின் வேறானது. கணிப்பொறி மென்பொருளும் மின்னூலும் கணிப்பொறி விளையாட்டும் இணையத்தின் வழியே விற்கப்படும் இக்காலத்தில், 'வாங்குக' என்னும் எளிய சொல்லுக்கு இந்நிலை நேர்ந்துள்ளது. கடையின் முகப்பில் 'வாங்குக' என்று எழுதப்பட்டுள்ளது. அதனை அடுத்து வரும் உரிமப் பத்திரமோ, 'இது விற்பனை அன்று. பயன்படுத்துவதற்கு அளிக்கும் இசைவு மட்டுமே' என்னும் கருத்துப்பட அமைகின்றது. இவ்விரு கூற்றையும் ஒருங்கு வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரிமப் பத்திரத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். கல்வெட்டும் செப்பேடும் பெரும்பாலும் கொடையையும் உரிமையையும் குறித்த பத்திரங்களே. அவற்றின் சொல்லையும் தொடரையும் நுணுகி நோக்கியே நம் அறிஞர் பண்டைச் சமுதாயத்தின் நிலையை வெளிப்படுத்தினர். மிகப் பலர் உடன்பட்டு ஏற்க, மிகச் சிலரே படித்தறியும் உரைநடையாகிய உரிமப் பத்திரமும் அவ்வாறு ஆராயத்தக்கதே.

1. இருவகைக் கிழமை

ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை என்பது தொல்காப்பியம் கற்றார் அறிந்தது. இலக்கண உரைகளில் வழங்கும் 'கபிலரது பாட்டு' என்னும் எடுத்துக்காட்டையும், 'சாத்தனது ஏடு' என்னும் தொடரையும் அருகருகே வைத்து நோக்குவோம். முன்னது பாடியவனுக்கும் பாட்டுக்கும் உள்ள கிழமை. பின்னது உடையவனுக்கும் உடைமைக்கும் உள்ள கிழமை. கபிலரது பாட்டு எழுதப்பட்ட ஏடு சாத்தனது ஏடாக இருத்தல் கூடும். அவ்வாறு இருக்குங்கால் ஒரு கிழமை மற்றொன்றனை அழிப்பதில்லை. சாத்தன் தன் ஏட்டை மகனுக்குக் கொடுக்கலாம், நண்பனுக்கு இரவலாகத் தரலாம், விற்கவும் செய்யலாம். பாட்டைத் தான் பாடியதாகக் கூற மட்டும் அவனுக்கு உரிமை இல்லை.

அச்சு நூல் பற்றிய பதிப்புரிமைச் சட்டமும் இவ்வேறுபாட்டின் மீதே அமைந்தது. இதனைத் தெளிவுபடுத்தியது 1908-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பாகும். பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகத்தார் 'தி காஸ்ட்அவே' என்னும் புதினத்தை 1904-இல் வெளியிட்டனர். நூலின் விலை ஒரு டாலர் என்றும், அதனினும் குறைந்த விலைக்கு விற்க எவருக்கும் இசைவு இல்லை என்றும், மீறி விற்றல் பதிப்புரிமையை மீறியதாகக் கொள்ளப்படும் என்றும் நூலினுள் அச்சிட்டனர். மேசி என்னும் பெருங்கடையினர் அந்நூலை 89 சென்டுக்கு விற்றனர். வழக்கு எழுந்தது. நூலை ஒருமுறை விற்றபின், அப்படியை வாங்கியவர் மீண்டும் என்ன விலைக்கு விற்பது என்பதைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்புரிமையில் அடங்காது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. நூலினுள் அச்சிட்ட ஓர் அறிவிப்பினால் மட்டும் விற்பனையின் தன்மை மாறிவிடாது என்பது இத்தீர்ப்பினால் நாம் கொள்ளும் கருத்தாகும். அந்த அறிவிப்பை இன்றைய உரிமப் பத்திரத்தின் முன்னோடி என்று கருதலாம். அன்று செல்லாது போன வாசகம், நூறாண்டு கழிவதற்குள் வேறு வடிவில் செல்லுபடியாகியது எங்ஙனம் என்பதை இனிக் காண்போம்.

2. படைத்தோர் முறையீடு

வாங்குவோரின் உரிமையை ஆராயப் புகுவோர் படைத்தோரின் முறையீட்டை முதற்கண் கேட்டல் வேண்டும். அதற்குத் தக்க சான்று, பில் கேட்சு 1976-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாளிட்டு, கணிப்பொறியைப் பொழுதுபோக்காகப் பயில்வோர்க்கு எழுதிய வெளிப்படைக் கடிதமாகும். ஆல்டேர் என்னும் சிறு கணிப்பொறிக்காகத் தாமும் தம் துணைவரும் ஆக்கிய பேசிக் மென்பொருளை, ஆல்டேர் உடையாருள் பத்தில் ஒரு பங்கினும் குறைவானவரே விலை கொடுத்து வாங்கினர் என்கின்றார் அவர். அதனை ஆக்கப் பயன்பட்ட கணிப்பொறி நேரத்தின் மதிப்பு 40,000 டாலருக்கு மேற்பட்டது என்றும், கிடைத்த ஊதியமோ உழைத்த நேரத்துக்கு மணிக்கு இரண்டு டாலர் கூடத் தேறாது என்றும் கணக்குக் காட்டுகின்றார். துளையிட்ட காகித நாடாவில் இருந்த அம்மென்பொருளை ஒருவரிடமிருந்து ஒருவர் படியெடுத்துக்கொண்டதே அதற்குக் காரணம்.

இக்கடிதத்தின் நடை கடுமையானது. ஆயினும் அதன் வாதத்தில் உண்மை உண்டு. ஏட்டைப் படியெடுக்க நாட்கணக்கில் உழைப்பு வேண்டும். நூலை அச்சிட அச்சகமும் தாளும் வேண்டும். மென்பொருளைப் படியெடுக்கவோ சில நொடிகள் போதும். படிக்கும் மூலத்துக்கும் வேறுபாடும் இராது. ஆதலின் அச்சுக் காலத்தில் படைத்தோர்க்கு இயல்பாக அமைந்திருந்த காப்பு இங்கு இல்லை. இதனை மறுத்து வாங்குவோரின் உரிமையை மட்டும் பேசுதல் நடுவுநிலைமை ஆகாது.

எனினும் ஒன்று கருதத்தக்கது. அக்கடிதத்தின் வழக்கு, விலை கொடாது படியெடுத்தவரைப் பற்றியது. விலை கொடுத்துத் தனக்கென வைத்துக்கொண்டவனைப் பற்றியது அன்று. முன்னவரைத் தடுக்க எழுந்த முயற்சி பின்னவனைக் கட்டும் தளையாக மாறிய வரலாற்றையே நாம் ஆராய வேண்டியுள்ளது.

3. பூட்டின் வளர்ச்சி

படியெடுத்தலைத் தடுக்கும் முறைகளைப் 'பூட்டு' என்னும் பொதுச்சொல்லால் ஈண்டுக் குறிப்போம். 1980-களில் நெகிழ்வட்டுகளில் வந்த மென்பொருள்களில், வட்டின் ஒரு பகுதியில் வேண்டுமென்றே பிழையை அமைத்துவைப்பர். பொதுவான படியெடுப்பு முறையால் அப்பிழையைப் படியில் கொண்டுவர இயலாது. பிழை இல்லாத வட்டு போலி என்று மென்பொருள் உணர்ந்து இயங்க மறுக்கும். பிழை காணப்படுவதே மூலத்துக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டமை, பாட வேறுபாடு ஆராய்வோர்க்கு வியப்பளிக்கும். வேறு சில விளையாட்டுகள், உடன் வந்த கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் உள்ள சொல் யாது என வினவும். கையேடு இல்லாதார் விடை கூற இயலாது. கணிப்பொறியின் பின்புறம் செருகவேண்டிய சிறு கருவி ஒன்றனைத் திறவுகோலாகத் தந்தோரும் உளர்.

இவை யாவும் இடையூறு தருவனவே. ஆயினும் இவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. வட்டும் கையேடும் திறவுகோலும் வாங்கியவன் வீட்டிலேயே இருந்தன. அவற்றை அவன் பிறருக்குக் கொடுத்தால் மென்பொருளும் உடன் சென்றது. விற்றவர் கடையை மூடினாலும் அவன் வீட்டில் இருந்த மென்பொருள் இயங்கியது.

2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபொழுது, நிறுவிய மென்பொருளுக்கு விற்றவரிடம் இயக்க ஒப்புதல் பெறும் முறை வீட்டுக் கணிப்பொறிகளிலும் பரவியது. பின்னர், விற்றவருடைய தொலைக் கணிப்பொறியோடு இணைந்திருந்தால் மட்டுமே இயங்கும் மென்பொருள்கள் பெருகின. இம்மாற்றத்தால் திறவுகோல் வாங்கியவன் வீட்டினின்றும் நீங்கி விற்றவன் வீட்டுக்குச் சென்றது. வாங்கியவன் உடைமை, விற்றவன் நாடோறும் அளிக்கும் ஒப்புதலைச் சார்ந்ததாயிற்று. உரிமப் பத்திரத்தின் வாசகம் செய்யக் கருதியதைப் பூட்டு செயலளவில் நிறைவேற்றியது. பூட்டை உடைத்துப் படியெடுத்தவனுக்கு இத்தொல்லை இல்லை. முறைப்படி விலை கொடுத்தவனே அதனைச் சுமக்கின்றான்.

4. உடையவனும் கைக்கொண்டவனும்

சட்டங்களின் சொல்லாட்சியில் இவ்வேறுபாடு எவ்வாறு புலப்படுகின்றது என்பதை நோக்குவோம். மென்பொருளும் பதிப்புரிமையும் பற்றி ஆராய அமெரிக்க நாட்டில் அமைந்த குழு, 1978-ஆம் ஆண்டு அறிக்கையில், படியை 'முறைப்படி கைக்கொண்டிருப்பவர்' காப்புக்காக மறுபடி எடுத்துக்கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தது. 1980-இல் சட்டம் இயற்றியபொழுது அச்சொல் நீங்கி, படியின் 'உடையவர்' என்னும் சொல் இடம்பெற்றது. ஒரு சொல்லின் மாற்றமே இது. ஆயினும், வாங்கியவர் உடையவர் அல்லர், உரிமம் பெற்றவரே என்று பத்திரம் கூறிவிடின், சட்டம் தந்த சலுகை அவர்க்கு எட்டாது போகும் நிலை அதனால் உண்டாயிற்று.

இதன் முழுப் பயனும் 2010-ஆம் ஆண்டில் வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கில் வெளிப்பட்டது. ஆட்டோகேட் மென்பொருளின் பழைய படிகளை வாங்கி இணைய ஏலத்தில் விற்ற வணிகர், 1908-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழிவந்த உரிமையை நாடினார். முதல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ மூன்று அடையாளங்களை வகுத்தது. பத்திரம் தன்னை உரிமம் என்று கூறுதல், பிறருக்கு மாற்றித் தருவதைப் பெரிதும் தடுத்தல், பயன்பாட்டுக்குக் குறிப்பிடத்தக்க வரம்பு இடுதல் ஆகிய மூன்றும் இருப்பின், பெற்றவர் உடையவர் ஆகார் என்று முடிவு செய்தது. விற்றவர் எழுதிய வாசகமே விற்பனை நிகழ்ந்ததா என்பதற்கு அளவுகோலாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில் இதற்கு மாறான முடிவைக் கண்டது. ஒருமுறை விலை பெற்றுக்கொண்டு, கால வரையறையின்றிப் பயன்படுத்துமாறு மென்பொருளின் படியைத் தருதல் விற்பனையே என்றது. பத்திரத்துக்கு 'உரிமம்' என்று பெயர் சூட்டுவதால் மட்டும் சட்டத்தின் விதியைத் தவிர்க்க இயலுமாயின் அவ்விதி பயனற்றுப்போகும் என்பது அந்நீதிமன்றத்தின் கருத்து. மறுவிற்பனை செய்வோர் தம்மிடம் உள்ள படியை இயங்காதவாறு செய்துவிட வேண்டும் என்றும் வரையறுத்தது. பெயரை நோக்காது செயலை நோக்கிய முடிவு இது. எனினும் 2019-இல் டாம் கபினெட் வழக்கில் அதே நீதிமன்றம் மின்னூலுக்கு இம்முடிவைப் பொருத்த மறுத்தது. மின்படி தேய்வதில்லை, ஆதலின் பழைய படியும் புதிய படிக்கு நிகராகிப் படைத்தோர் வருவாயைப் பாதிக்கும் என்பது அதற்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று. இக்காரணத்தில் வன்மை உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். ஆயின் அது மறுவிற்பனைக்கு மட்டுமே பொருந்தும். வாங்கியவன் தன் படியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமையை அதனால் மறுக்க இயலாது.

இந்தியச் சட்டத்தின் சொல்லாட்சி இவ்வகையில் பாராட்டத்தக்கது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணிப்பொறி நிரலின் படியை 'முறைப்படி கைக்கொண்டிருப்பவர்' இழப்பினின்றும் காத்துக்கொள்ளக் காப்புப்படி எடுக்கலாம் என்கின்றது. அமெரிக்கச் சட்டம் கைவிட்ட சொல்லை நம் நாட்டுச் சட்டம் ஏற்றுள்ளது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65-அ பிரிவும் அத்தகையதே. பதிப்புரிமையை மீறும் கருத்தோடு பூட்டை உடைப்பவருக்கு அது இரண்டாண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கின்றது. சட்டம் வெளிப்படையாக விலக்காத நோக்கத்துக்காகச் செய்வனவற்றுக்கு விலக்களிக்கின்றது. அமெரிக்க நாட்டின் 1998-ஆம் ஆண்டுச் சட்டமோ பூட்டை உடைத்தலையே பொதுவாகக் குற்றமாக்கி, மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆராய்ந்து சில விலக்குகளை மட்டும் வழங்குகின்றது. செயலை மட்டும் நோக்கும் சட்டத்துக்கும் கருத்தையும் நோக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இது. ஆயினும் சட்டம் விலக்களித்தல் வேறு. பூட்டைத் திறக்கும் ஆற்றல் வேறு. தொழில்நுட்பம் அறியாத வாசகனுக்கு அவ்விலக்கு ஏட்டளவில் நின்றுவிடுகின்றது.

5. படிகளின் வாழ்வு

இச்சொல்லாராய்ச்சியால் நடைமுறையில் விளைவது யாது என்பதற்குச் சில நிகழ்ச்சிகளைக் காட்டுவோம். 2009-ஆம் ஆண்டு ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவியில் வாசகர் வாங்கி வைத்திருந்த ஆர்வெலின் இரு நூல்களைத் தொலைவிலிருந்தே நீக்கியது. அவற்றை அக்கடையில் இட்டவர்க்கு அமெரிக்காவில் வெளியிடும் உரிமை இல்லை என்பது காரணம். நூல்களுள் ஒன்று, பழைய ஏடுகளை அழித்து வரலாற்றைத் திருத்தும் அரசைப் பற்றிய '1984'. விலை திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். ஆயினும் நூலைப் பயின்று குறிப்பெழுதிய மாணவர் ஒருவரின் குறிப்புகள், சுட்டும் பகுதி இல்லாமையால் பயனற்றுப்போயின. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூற் கடையை மூடியபொழுதும் விலை திரும்பியது, நூல்கள் மறைந்தன. 2014-இல் வெளிவந்த 'தி க்ரூ' என்னும் விளையாட்டு, 2024-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் அதன் தொலைக் கணிப்பொறிகள் நிறுத்தப்பட்டமையால், வட்டாக வாங்கியவர்க்கும் இயங்காது போயிற்று. விற்ற விளையாட்டை இயங்கும் நிலையில் விட்டுச் செல்லுமாறு சட்டம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் எழுந்த வேண்டுகோளில் 2025-இல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்.

விலை திரும்பக் கிடைத்தால் இழப்பு யாது எனின், நூலின் மதிப்பு விலையளவில் நிற்பதன்று என்க. இதனைத் தமிழ் கற்றார்க்கு விரித்துரைக்க வேண்டா. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்தது, மடங்களிலும் வீடுகளிலும் பலர் படியெடுத்து வைத்திருந்த ஏடுகளைத் தேடித் தொகுத்தும் ஒப்பிட்டுமே ஆகும். ஒரு வீட்டில் செல்லரித்த பகுதி மற்றொரு வீட்டு ஏட்டில் எஞ்சியிருந்தது. எழுதியவர் மறைந்த பின்னும், எழுதுவித்தவர் குடி அழிந்த பின்னும் படிகள் வாழ்ந்தன. ஏடு வைத்திருந்தார் அதனைத் தமதாக வைத்திருந்தமையால் அது நிகழ்ந்தது. எல்லாப் படிக்கும் திறவுகோல் ஓரிடத்தில் இருந்து, அவ்விடம் மூடப்படின், ஆயிரம் படிகள் இருந்தும் ஒருபடியும் இல்லாத நிலையே உண்டாகும்.

ஓலையைப் படியெடுத்த காலத்தில் படைத்தோர் உயிரோடு இல்லை. வாழும் படைப்பாளியின் நிலை வேறு எனின், அதுவும் உண்மையே. அதற்காகவே சட்டம் பதிப்புரிமைக்கு ஒரு கால எல்லையை வகுத்துள்ளது. ஆர்வெல் 1950-இல் மறைந்தார். ஆசிரியர் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டு என்னும் இந்தியச் சட்டப்படி, அவர் வாழ்நாளில் வெளியான நூல்கள் 2011-இன் தொடக்கம் முதல் இந்நாட்டில் பொதுவுடைமை ஆயின. ஆயினும் அதற்கு முன் பூட்டி விற்ற மின்படியின் பூட்டு அந்நாளில் தானே திறந்துகொள்வதில்லை. சட்டம் வகுத்த எல்லையைப் பூட்டு அறியாது. படைத்தோர்க்குச் சட்டம் தந்த காப்பினும் மிகுதியான காப்பை விற்போர் தாமே எடுத்துக்கொண்டனர் என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றி, 2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு நடைமுறைப்படுத்தியது. பெறுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குவோர்க்குத் தெளிவாக அறிவியாமல், மின்பொருளுக்கு 'வாங்குக' போன்ற சொல்லை ஆளுதல் கூடாது என்பது அதன் சாரம். இணையத் தொடர்பின்றிப் பயன்படுத்துமாறு நிலையாக இறக்கி வைத்துக்கொள்ளத்தக்க பொருள்களுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. கைக்கு வந்து நிலைப்பதையே 'வாங்குதல்' என்னும் பொதுமக்கள் வழக்கைச் சட்டம் ஏற்றுக்கொண்டது எனலாம். ஒரு சொல்லின் பொருளைக் காக்கச் சட்டமன்றம் முற்பட்டது வரவேற்கத்தக்கது. ஆயினும் இது நோயின் பெயரைக் கூறுகின்றதேயன்றி மருந்து ஆகவில்லை. அறிவிப்பைச் சேர்த்துவிட்டுப் பழையபடியே விற்கலாம். வாங்குவோன் பெறுவது முன்போன்றதே.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, சொல்லும் பொருளும் ஒத்தல். மாதக் கட்டணம் பெற்றுக் குறித்த காலத்துக்குப் பயன்படுத்தத் தருதலில் குற்றம் இல்லை. அதற்கு வாடகை என்றே பெயர் இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஒருமுறை விலை பெற்று நிலையாகத் தருவதாயின் உடைமைக்குரிய இயல்புகளுள், தன்னிடம் வைத்துக்கொள்ளுதலும் காப்புப்படி எடுத்தலும் வழித்தோன்றல்களுக்கு விட்டுச் செல்லுதலுமேனும் வாங்கியவனுக்குக் கிடைத்தல் வேண்டும். மூன்றாவது, பூட்டுக்கு ஒரு முடிவு இருத்தல். விற்றவர் கடையை மூடும்பொழுதும் பதிப்புரிமைக் காலம் முடியும்பொழுதும் பூட்டு நீங்க வேண்டும். 1954-ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டம், அச்சு நூலின் படிகளைச் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நூலகங்களில் பதிப்பாளர் ஒப்படைக்க வகை செய்தது. பூட்டப்படாத மின்படி ஒன்றனை அவ்வாறே நூலகத்தில் ஒப்படைக்கச் செய்தல், படைத்தோர் வருவாய்க்கு ஊறு செய்யாமலே நூலைக் காக்கும் வழியாகும்.

கபிலரது பாட்டும் சாத்தனது ஏடும் ஒரே பொருளின்கண் ஒன்றையொன்று கெடாமல் நிற்கக்கூடும் என்பதே நாம் தொடக்கத்தில் கண்ட இலக்கண உண்மை. இன்றைய உரிமப் பத்திரம் முன்னதைக் காக்க எழுந்ததாகக் கூறிக்கொண்டு பின்னதை நீக்கிவிடுகின்றது. நீக்கியதை வாங்குவோன் அறியாதவாறு முகப்பில் பழைய சொல்லையே நிறுத்துகின்றது. சட்டம் வல்லார் இதனைத் தம் நெறியில் ஆராய்ந்து வருகின்றனர். சொல்லின் பொருளை வரையறுத்தலும், நூலின் படிகளைப் பேணுதலும் தமிழ்த்துறையினராகிய நமக்கு உரிய பணிகள். ஆதலின் மின்னூல்களைத் தம் நூலகங்களுக்குப் பெறும் துறையினர், விலையை நோக்குமுன் பத்திரத்தின் வாசகத்தை நோக்குதல் வேண்டும் எனக் கூறி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.